கால் அங்குல மழை: ஜோசப் பேசல்ஜெட்டின் வாழ்க்கைக் கதை

என் தாத்தா நகராண்மைக் கழகத்தில் கால்வாய் துப்புரவுத் தொழிலாளியாக முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் லோங்காங்கில் கால் வைக்கக் கூடாது என்பது அவர் தம் குழுவினருக்கு இட்ட சட்டம். வெள்ளம் வந்துவிடும் என்ற பயத்தால் அல்ல. அந்த முதல் தண்ணீர்தான் மிகவும் அழுக்கானது என்பது அவர் கண்டறிந்த உண்மை. வெயில் காய்ந்த நாள்களில் சாலையில் படிந்த எண்ணெய், கடைத்தெருவில் கொட்டிய கழுநீர், நாய் பூனைக் கழிவு, குப்பைத் தொட்டிச் சாறு எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இறங்கி வரும். அதற்குப் பிறகு எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் தெளிந்துகொண்டே போகும்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது பொறியியல் விரிவுரையில் இதே உண்மையை வேறு பெயரில் கேட்டேன். கேட்டும், மறந்தேன். அந்த மறதியின் கதையையும், அதை எனக்கு உணர்த்திய ஒரு மனிதரின் கதையையும் இவ்வாண்டு மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்த மனிதர் இறந்து நூறாண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அவர் பெயர் ஜோசப் வில்லியம் பேசல்ஜெட். இலண்டன் மாநகரின் நிலத்தடிக் கால்வாய்களைக் கட்டியவர்.

தொழிற்பயிற்சியில் ஒரு குளம்

தொழிற்பயிற்சிக்காக ஓர் ஆலோசனைப் பொறியாளர் அலுவலகத்தில் சேர்ந்தேன். பன்னிரண்டு ஹெக்டர் பரப்பில் எழவிருந்த ஒரு தாமானுக்கு வெள்ளத் தடுப்புக் குளத்தின் அளவைக் கணக்கிடும் வேலை எனக்குக் கிடைத்தது. பெருமழை பெய்தால் தாமானின் கூரைகளிலும் தார்ச்சாலைகளிலும் ஓடிவரும் நீரைக் குளத்தில் நிறுத்தி, கீழே உள்ள ஓடை தாங்கும் அளவில் மெதுவாக வெளியேற்ற வேண்டும். இரண்டு வாரம் உழைத்துக் கணக்கை முடித்தேன். விடை சரியாகவே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மேற்பார்வையாளர் என் தாள்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு முன் அதே முறையில் கட்டப்பட்ட இன்னொரு குளத்துக்கு அழைத்துச் சென்றார். மாலை நான்கு மணி, வானம் இருண்டிருந்தது. மழை தொடங்கியது. பத்து நிமிடத்தில் கரிய நீர் நுரையோடு குளத்துக்குள் இறங்கியது. பிளாஸ்டிக் பைகள், உணவுப் பெட்டிகள், எண்ணெய்ப் படலம் எல்லாம் வந்தன. குளத்தின் தரையில் ஒரு கோடு போல ஓடி, மறுபக்கத்துக் குழாய் வழியே நேராக ஓடைக்குள் போய்விட்டன. குளம் நனையக்கூட இல்லை. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக அளந்த பெரிய குழாய், நாள்தோறும் வரும் அழுக்கைத் தடையின்றி அனுப்பிவைத்தது.

என் கணக்கும் அதே கணக்குதான். தாத்தாவின் பத்து நிமிடத்துக்கு அதில் இடமே இல்லை.

2001-இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த நகர மழைநீர் மேலாண்மைக் கையேடும், 2012-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும் நீரின் அளவைப் போலவே தரத்தையும் கவனிக்கச் சொல்கின்றன. அந்த அத்தியாயத்தை நான்தான் புரட்டித் தள்ளியிருந்தேன். அன்று திரும்பும் வழியில் மேற்பார்வையாளர் பேசல்ஜெட்டைப் பற்றிச் சொன்னார். பெரிய மனிதரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார் என்று சொல்லி, படித்துப் பார்க்கச் சொன்னார். படித்தேன்.

இளமையும் நோயும்

பேசல்ஜெட் 1819 மார்ச் 28-ஆம் நாள் இலண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிறந்தார். விக்டோரியா அரசியார் பிறந்ததும் அதே ஆண்டில்தான். பாட்டனார் பிரான்சிலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்கு வந்த தையற்காரர். தொழிலில் செல்வம் சேர்த்தவர். தந்தை கடற்படை அதிகாரி. வந்தேறிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை ஒரு நகரத்தையே தாங்கி நிற்கும் வேலையைச் செய்தது என்பதை நம் போன்றோர் சற்று நின்று கவனிக்கலாம்.

இளைஞரான பேசல்ஜெட், சர் ஜான் மக்நீல் என்ற பொறியாளரிடம் பயிற்சியில் சேர்ந்தார். அயர்லாந்தில் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கும் வேலைகளில் நீரின் போக்கைக் கற்றார். நீர் எங்கே தானாக ஓடும், எங்கே தயங்கி நிற்கும், எவ்வளவு சரிவு கொடுத்தால் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும் என்ற பாடங்கள் அங்கேதான் கிடைத்தன.

1842-இல் இலண்டனில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அது இரயில் பாதைகளுக்காக மக்கள் பித்துப்பிடித்து முதலீடு செய்த காலம். பொறியாளர்களுக்கு இரவு பகல் பாராத வேலை. அந்தச் சுமையில் 1847-இல் அவருடைய உடலும் மனமும் முறிந்தன. வேலையை விட்டுவிட்டு நெடுநாள் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. தேர்வுக் காலத்தில் தூக்கமின்றித் தவிக்கும் நமக்கு இந்தச் செய்தி ஆறுதல் தரும். இருபத்தெட்டு வயதில் முடங்கிப்போனவர்தான், பின்னாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓயாமல் உழைத்தார்.

உடல் தேறியதும், 1849-இல் மாநகரக் கழிவுநீர் ஆணையத்தில் துணை நில அளவையாளராகச் சேர்ந்தார்.

மழைக்கால்வாய் மலக்கால்வாய் ஆன கதை

அன்றைய இலண்டனின் சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி முக்கியம். இலண்டனின் பழைய நிலத்தடிக் கால்வாய்கள் மலத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அவை மழைநீரை ஆற்றுக்குக் கொண்டு போகக் கட்டப்பட்டவை. வீடுகளின் கழிவு வீட்டுக்கடியில் இருந்த மலக்குழிகளில் தேங்கும். இரவில் ஆள்கள் வந்து அள்ளிச் சென்று வயல்களுக்கு விற்பார்கள். 1815-க்குப் பின் வீட்டுக் கழிவைக் கால்வாயில் இணைக்க அனுமதி வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் பெருகின. 1840-களின் இறுதியில் இணைப்பு கட்டாயமானது. மலக்குழிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. வீடுகள் சுத்தமாயின, தேம்ஸ் நதி மலக்குழியானது.

அந்த நதியிலிருந்துதான் பல நிறுவனங்கள் குடிநீர் எடுத்தன. 1848-49-இல் வாந்திபேதி இலண்டனில் பதினாலாயிரம் பேருக்கு மேல் கொன்றது. 1853-54-இல் மீண்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், 1854-இல் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றி நேர்ந்த மரணங்களைக் கணக்கெடுத்து, நோய் குடிநீரில்தான் வருகிறது என்று காட்டினார். பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நோய் துர்நாற்றக் காற்றில் பரவுகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. பேசல்ஜெட்டின் திட்டமும் அந்த நாற்றத்தை அகற்றும் நோக்கத்தோடுதான் உருவானது. காரணம் தவறு; செய்த வேலை சரி. அறிவியல் வரலாற்றில் இப்படியும் நடப்பதுண்டு.

1852-இல் ஆணையத்தின் தலைமைப் பொறியாளர் ஃபிராங்க் ஃபோர்ஸ்டர் பணிச்சுமையால் நலிந்து இறந்தார். அந்த நாற்காலி பேசல்ஜெட்டுக்கு வந்தது. முன்னவரைச் சாய்த்த வேலை. ஏற்கெனவே ஒருமுறை முறிந்துபோன உடம்பு. ஆனாலும் ஏற்றுக்கொண்டார். 1856-இல் புதிதாக அமைந்த மாநகரப் பணிகள் வாரியத்துக்கும் அவரே தலைமைப் பொறியாளரானார்.

திட்டம் தயாராக இருந்தது. ஆனால் அரசின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கழிவைக் கொண்டுபோய் விடும் இடம் நகருக்கு இன்னும் அருகில் இருக்கிறது, செலவு யாருடையது என்ற வாதங்களில் இரண்டாண்டுகள் கழிந்தன.

நாற்றம் இயற்றிய சட்டம்

1858-ஆம் ஆண்டுக் கோடை கடும் வெப்பம். ஆற்றில் நீர் குறைந்து, கரையெல்லாம் மலச்சேறு காய்ந்தது. தேம்ஸ் கரையில்தான் நாடாளுமன்றக் கட்டடம். அதன் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அந்தக் கோடைக்குப் பெருநாற்றம் என்றே வரலாற்றில் பெயர் நிலைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஏழைகள் செத்தபோது நகராத கோப்பு, ஆள்வோரின் மூக்கில் நாற்றம் ஏறியதும் ஓடத் தொடங்கியது. ஜூலை 15-இல் டிஸ்ரேலி கொண்டுவந்த சட்ட முன்வரைவு ஆகஸ்டு 2-இல் சட்டமானது. பதினெட்டே நாள்கள். முப்பது இலட்சம் பவுன் கடனாகத் திரட்ட அனுமதியும் கிடைத்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் ஜான் ஸ்னோ இறந்தார். தாம் சொன்னது சரி என்று உலகம் ஏற்பதை அவர் பார்க்கவில்லை.

நிலத்துக்கடியில் ஒரு நகரம்

பேசல்ஜெட்டின் திட்டத்தை ஒரு வரியில் சொல்லலாம். பழைய கால்வாய்கள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி இறங்குகின்றன. அவை ஆற்றைத் தொடும் முன், குறுக்கே கிழக்கு நோக்கிப் பெருங்கால்வாய்களை வெட்டி இடைமறித்துவிட வேண்டும். வடகரையில் உயர்மட்டம், நடுமட்டம், தாழ்மட்டம் என மூன்று அடுக்குகள். தென்கரையில் தனி வரிசை. கழிவு முழுவதும் நகருக்குக் கிழக்கே, வடகரையில் பெக்டனுக்கும் தென்கரையில் கிராஸ்னெஸுக்கும் போய்ச் சேரும்.

இயன்ற இடமெல்லாம் புவியீர்ப்பே வேலை செய்தது. மைலுக்கு இரண்டடி அளவிலான மெல்லிய சரிவு. முட்டை வடிவக் கால்வாய்கள் பல. அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் நீர் குறைந்த நேரத்திலும் வேகம் குறையாது, வண்டல் படியாது. தாழ்மட்டக் கால்வாயின் நீரை நீராவி இயந்திரங்கள் மேலேற்றின. 132 கிலோமீட்டர் முதன்மை இடைமறிப்புக் கால்வாய்கள், சுமார் 1,800 கிலோமீட்டர் தெருக்கால்வாய்கள், 31 கோடியே 80 இலட்சம் செங்கற்கள். அன்று புதியதாக இருந்த போர்ட்லண்ட் சிமெண்டைப் பெரிய அளவில் துணிந்து பயன்படுத்தினார். துணிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அவருடைய உதவிப் பொறியாளர் ஜான் கிராண்ட் சிமெண்டை இழுத்துச் சோதிக்கும் முறையை வகுத்தார். தேறாத சிமெண்டு திருப்பி அனுப்பப்பட்டது.

நம் பாடத்துக்கு முக்கியமானது இனிமேல்தான். கழிவுநீரின் அளவை மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிடலாம். அன்று இலண்டனில் ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் பேர். அவர் முப்பத்து நான்கரை இலட்சம் பேருக்கு இடம் வைத்தார். ஆனால் அதே கால்வாயில் மழைநீரும் வருமே! அதற்கு எவ்வளவு இடம் வைப்பது? கொட்டும் மழை முழுவதையும் ஏற்கும் கால்வாய் கட்டினால் நாட்டின் செல்வம் போதாது. நாளொன்றுக்குக் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் மழைக்கு அவர் இடம் வைத்தார். அதற்கு மேல் பெய்தால், மிகுநீர் கழிவோடு கலந்து, வழிவாய்கள் தாண்டிப் பழைய பாதையிலேயே தேம்ஸில் விழும்.

அவர் இதை மறைக்கவில்லை. 1865-இல் பொறியாளர் கழகத்தில் வாசித்த கட்டுரையில் தம் கணக்கை வெளிப்படையாக வைத்தார். கால் அங்குலத்துக்கு மேல் பெய்யும் நாள்கள் ஆண்டில் சிலவே. அப்போது கழிவும் நீர்த்துப்போயிருக்கும். இதுவே அவருடைய வாதம்.

இன்னொரு தேக்கமும் அவர் திட்டத்தில் உண்டு. பெக்டனிலும் கிராஸ்னெஸிலும் மூடிய பெருந்தொட்டிகள் கட்டினார். கிராஸ்னெஸ் தொட்டி மட்டும் ஏறத்தாழ இரண்டரைக் கோடி கேலன் கொள்ளும். தேம்ஸில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. ஏற்றத்தில் கழிவைத் திறந்துவிட்டால் அது நகருக்கே திரும்பி வரும். ஆகவே தொட்டியில் பிடித்து வைத்து, வற்றம் தொடங்கும் வேளையில் திறந்துவிட்டார்கள். எதையும் சுத்தம் செய்யவில்லை. நேரம் பார்த்துக் கடல் பக்கம் தள்ளினார்கள்.

கிராஸ்னெஸ் நிலையம் 1865 ஏப்ரலில் வேல்ஸ் இளவரசர் கையால் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வாந்திபேதி மீண்டும் வந்தது. ஆனால் அது தாக்கியது கிழக்கு இலண்டனை. தாழ்மட்டக் கால்வாய் இன்னும் எட்டாத பகுதியை. ஐயாயிரம் பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். கால்வாய் எட்டிய பகுதிகள் பெரும்பாலும் தப்பின. 1868-இல் ஏபி மில்ஸ் நீரேற்று நிலையம் முடிந்தது. அதற்குப் பின் இலண்டனில் அந்த நோய் கொள்ளைநோயாக வரவே இல்லை. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வாந்திபேதி பலிகொண்டபோதும் இலண்டன் தப்பியது.

தாழ்மட்டக் கால்வாயைப் புதைக்க நகரின் நெரிசலான தெருக்களைத் தோண்டுவதற்குப் பதில், ஆற்றோரச் சேற்றையே நிலமாக்கினார். விக்டோரியா கரை 1864-இல் தொடங்கி 1870-இல் முடிந்தது. மேலே சாலையும் பூங்காவும். கீழே கழிவுநீர்க் கால்வாய், எரிவாயு, குடிநீர்க் குழாய்கள், நிலத்தடி இரயில். இன்று இலண்டனுக்குப் போகும் நம்மவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்த ஆற்றோரச் சாலைக்கு அடியில் இன்றும் அவருடைய கால்வாய் ஓடிக்கொண்டிருக்கிறது.

கீழ்ப்புறத்து மக்கள்

1878 செப்டம்பர் 3-ஆம் நாள் மாலை. உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இலண்டனுக்குத் திரும்பிய பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு, பெக்டன், கிராஸ்னெஸ் வாய்களுக்கு அருகே ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதி உடைந்து மூழ்கியது. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சற்று முன்புதான் இரு கரைத் தொட்டிகளிலிருந்தும் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. உயிர்தப்பிய பலர் அந்த நீரின் நாற்றத்தையும் சுவையையும் பற்றிச் சொன்னார்கள். ஆறு சுத்தமாகிவிட்டது என்று நகரம் நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அழுக்கு சில மைல்கள் கீழே நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கீழ்ப்புற ஊரார் முன்பிருந்தே முறையிட்டு வந்தார்கள். வாரியம் மறுத்து வந்தது. அந்த மறுப்பில் பேசல்ஜெட்டும் நின்றார். தம் வாழ்நாள் வேலையைக் குறை சொல்லக் கேட்பது எவருக்கும் எளிதல்ல. ஆனாலும் இது அவர் வாழ்க்கையின் கறை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1882-இல் அமைந்த அரச ஆணையம், கழிவை அப்படியே ஆற்றில் விடுவது தீங்கு என்றும் திடப்பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. 1880-களின் பிற்பகுதியில் கழிவைப் படிய வைத்து, சேற்றைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டத் தொடங்கினார்கள். அந்த வேலைக்கு வந்த முதல் கப்பலுக்குப் பேசல்ஜெட் என்றே பெயர் வைத்தார்கள். பெருமையா, கேலியா என்று படித்தபோது எனக்குத் தெரியவில்லை.

அரசியார் அவருக்கு சர் பட்டம் அளித்தார். பொறியாளர் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். 1889-இல் வாரியம் கலைக்கப்பட்டபோது ஓய்வு பெற்றார். 1891 மார்ச் 15-இல் விம்பிள்டனில் காலமானார். அவர் கட்டிய கரையிலேயே அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆற்றுக்கு விலங்கு பூட்டியவர் என்ற பொருளில் இலத்தீனில் ஒரு வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கால் அங்குலம் போதாமல் போனது

விலங்கு நூறாண்டு தாங்கியது. பிறகு தளர்ந்தது. முப்பத்து நான்கரை இலட்சம் என்று அவர் போட்ட எல்லையை நகரம் எப்போதோ தாண்டிவிட்டது. புல்வெளியாக இருந்த நிலமெல்லாம் கூரையும் தாரும் ஆனது. மண் குடித்துவந்த மழை, நேராகக் கால்வாய்க்கு வந்தது. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில், ஆண்டில் சில நாள் மட்டுமே திறக்க வேண்டிய வழிவாய்கள் ஐம்பது தடவைக்கும் மேல் திறந்தன. சராசரியாக ஆண்டுக்கு 3 கோடியே 90 இலட்சம் டன் கழிவுகலந்த மழைநீர் தேம்ஸில் கலந்ததாகக் கணக்கிட்டார்கள். 2004 ஆகஸ்டில் ஒரு புயல்மழைக்குப் பின் ஆயிரக்கணக்கான மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதந்தன.

அவருடைய கால்வாய்களை இடித்துவிட்டு, மழைக்கும் கழிவுக்கும் தனித்தனிக் குழாய் போடுவது அந்தப் பழைய நகரில் எளிதல்ல. ஆகவே, குறைவாக இருந்த ஒன்றை மட்டும் சேர்த்தார்கள்: தேக்கி வைக்கும் இடம். 2016-இல் ஏபி மில்ஸிலிருந்து பெக்டன் வரை லீ சுரங்கம் இயங்கத் தொடங்கியது. அதோடு சேரும் 25 கிலோமீட்டர் நீளத் தேம்ஸ் டைட்வே சுரங்கம் 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது. விட்டம் 7.2 மீட்டர், மூன்று பேருந்துகள் பக்கத்தில் பக்கமாக அடங்கும். இரண்டும் சேர்ந்து 16 இலட்சம் கன மீட்டர் கொள்ளும். மிக மோசமான 34 வழிவாய்களில் வழிவது இப்போது ஆற்றுக்குப் போகாமல் ஆழத்துக்கு இறங்குகிறது. மழை ஓய்ந்து பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்ததும் மேலேற்றிச் சுத்தம் செய்து விடுகிறார்கள். கவனியுங்கள்: பேசல்ஜெட் தொட்டியில் வைத்துக் காத்திருந்தது கடல் வற்றத்துக்காக, இவர்கள் சுரங்கத்தில் வைத்துக் காத்திருப்பது சுத்திகரிப்புக்காக. தேக்கம் ஒன்றுதான். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில்தான் முன்னேற்றம்.

புதிய சுரங்கத்துக்காக ஆற்றோரத்தில் உருவான பொது இடங்களில் ஒன்றுக்குப் பேசல்ஜெட் கரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

திரும்பவும் என் குளம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மழைநீர்க் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. அதனாலேயே மழைநீர் சுத்தமானது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நான் அன்று குளத்தில் பார்த்தது அந்த எண்ணத்தைக் கலைத்தது. 2007-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம் போன்றவை பெருவெள்ளத்தைப் பிடிக்கின்றன. ஆனால் ஆற்றைக் கறுக்க வைப்பது பெருவெள்ளத்தைவிட, வாரத்துக்கு மூன்று முறை வரும் சிறுமழைதான்.

என் கணக்கை மீண்டும் போட்டேன். பன்னிரண்டு ஹெக்டரில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,400 கன மீட்டர். அதில் பத்தில் ஏழு பங்கு ஓடிவருவதாகக் கொண்டால் 1,680 கன மீட்டர். இந்த முதல் நீரைக் குளத்தின் அடியில் தனியாகப் பிடிக்க வேண்டும். நீர் நுழையும் இடத்தில் மண்ணும் குப்பையும் படிய ஒரு சிறு முன்தொட்டி. வெளியேறும் இடத்தில் அடியில் ஒரு சிறு துளை. ஒரு நாள் முழுக்க மெதுவாக வடியும். அதற்குள் சேறு படிந்துவிடும். அடுத்த மழைக்கு இடமும் காலியாகும். வெள்ளத்துக்கான பெரிய குழாய்வாய் அதற்கு மேலே உயரத்தில். துளை பெரிதானால் அழுக்கு படியாமல் ஓடிவிடும். மிகச் சிறிதானால் அடைத்துக்கொள்ளும், அடுத்த மழைக்கு இடமிருக்காது. இந்த நடு அளவைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே.

கீழே ஓடையின் மட்டம் இடம் தராததால் குளத்தை ஆழப்படுத்த முடியவில்லை. ஒரு பக்கம் அகலப்படுத்த வேண்டும். அதற்கு ஆறு வீட்டு மனைகள் தேவை. வீடமைப்பாளர் முகம் சுளித்தார். மூன்று கூட்டங்கள் நடந்தன. கடைசியில் நான்கு மனைகள் கிடைத்தன. 20 மில்லிமீட்டர், ஏறக்குறைய 13 மில்லிமீட்டராகக் குறைந்தது. எனக்குச் சோர்வாக இருந்தது. அப்போதுதான் பேசல்ஜெட்டின் கால் அங்குலத்தை முழுமையாகப் புரிந்துகொண்டேன். அதுவும் இப்படி ஒரு கூட்டத்தில், ஒரு கைப்பணத்துக்குள் அடங்கிய எண்தான். எந்த எண்ணைப் போட்டாலும் ஒருநாள் மழை அதைத் தாண்டும். தாண்டும்போது யார் வீட்டு வாசலில் வழியும் என்று இன்றே கேட்டுவைப்பது பொறியாளரின் கடமை. அவர் அதைக் கேட்கத் தவறினார், கேட்டவர்களையும் மறுத்தார். என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மிகுநீர் எந்த ஓடைக்குப் போகும், அதன் கரையில் எந்தக் கம்பம் இருக்கிறது, பின்னாளில் குளத்தை எந்தப் பக்கம் விரிக்கலாம் என்று எழுதி வைத்தேன்.

இன்னொரு வரியும் சேர்த்தேன். முன்தொட்டியில் படியும் சேற்றை ஆண்டுக்கு இரண்டு முறையாவது அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் அந்தத் தேக்கம் வெறும் பள்ளம். இலண்டனின் 132 கிலோமீட்டரும் இன்றுவரை ஓடுவது, வடிவமைத்தவரால் மட்டுமல்ல. பெயர் தெரியாத எத்தனையோ பேர் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ததாலும்தான்.

தாத்தாவிடம் குளத்தின் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. சிறு துளை எது, முன்தொட்டி எது என்று விரலால் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், முன்தொட்டிக்குள் மண்வெட்டியோடு ஆள் இறங்கப் படி வைத்திருக்கிறேனா என்று கேட்டார். வைக்கவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போய் முதல் வேலையாக அதை வரைந்தேன்.